சாக்குத் துணி ஓவியமாகுமா? கானா கலைஞர் இப்ராஹிம் மஹாமா குறித்து ஒரு கேள்வி

மாடக்குழி எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம். நுண்கலை முதுகலைப் படிப்பின் கருத்தரங்கக் கட்டுரைக்காகக் கானா நாட்டைச் சேர்ந்த இப்ராஹிம் மஹாமாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். 2025 டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலேயில் (ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி) அவருடைய 'ஆவிகளின் நாடாளுமன்றம்' என்ற நிர்மாணத்தை, அதாவது ஓர் இடத்தையே நிரப்பி அமைக்கும் படைப்பை, பார்த்த பிறகே இந்த எண்ணம் வந்தது. அதே மாதத்தில் 'ஆர்ட் ரிவ்யூ' இதழ் வெளியிட்ட, கலையுலகில் செல்வாக்கு மிக்க நூறு பேர் கொண்ட பட்டியலில் அவர் முதலிடம் பெற்றார். ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை என்பதால், அவரைப் பற்றிய கட்டுரைகளுக்கு இப்போது பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சாக்கு, காலனியம், உழைப்பு என்ற மூன்று சொற்களைச் சுற்றிச் சுற்றி வருகின்றனவே தவிர, நான் தேடும் இடத்துக்கு வருவதில்லை.

என் ஐயம் இதுதான். மஹாமா முறையாக ஓவியம் பயின்றவர். அவருடைய பெயரைப் பரப்பியவையோ, கிழிந்த சணல் சாக்குகளைத் தைத்துக் கட்டடங்களின் மீது போர்த்திய பெரும் நிர்மாணங்கள். அந்த ஓவியப் பயிற்சி வெறும் பட்டச் சான்றிதழாக நின்றுவிட்டதா, அல்லது சாக்குகளுக்குள்ளும் அது வேலை செய்கிறதா? இரண்டாவதாக, சாக்கு, ரயில் இருக்கை, தானியக் குதிர், பழைய விமானம் என்று அவர் கைவைக்கும் பொருள்களை ஒரே சிந்தனையின் தொடர்ச்சியாகப் பார்க்க முடியுமா? என்னுடைய நெறியாளர், 'எந்தக் கட்டடத்தைச் சாக்கால் மூடினாலும் அது வியப்பாகத்தான் தெரியும், இதில் கலைஞரின் பங்கு என்ன' என்று கேட்கிறார். அவருக்குச் சொல்லத்தக்க நேர்மையான விடை என்னிடம் இன்னும் இல்லை.

வெளிச்சுவர் எழுதியது:

தங்களுடைய முதல் கேள்விக்கான விடையைக் குமாசியில் தேட வேண்டும். மஹாமா 1987-ல் கானாவின் வடக்கிலுள்ள தமாலேயில் பிறந்தவர். படித்தது தெற்கே, குமாசியிலுள்ள குவாமே என்க்ருமா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஓவிய-சிற்பத் துறையில். 2010-ல் இளங்கலையும் 2013-ல் முதுகலையும் முடித்தார். ஆங்கிலேயர் காலத்து அச்சிமோட்டா கல்லூரியில் தொடங்கிப் பிறகு குமாசிக்கு இடம்பெயர்ந்த கலைக்கல்வி மரபு அது. சட்டத்தில் இறுக்கிய கித்தான் (ஓவியத் துணி), உருவச் சித்திரம், நிலக்காட்சி, மேசைமேல் அடுக்கிய பழங்கள் என்ற பாடத்திட்டமே அங்கும் நெடுங்காலம் கோலோச்சியது. அதை அசைத்தவர் அத்துறையின் ஆசிரியர் காரிகாச்சா செய்தூ. 2003 வாக்கில் தொடங்கிய தம்முடைய கற்பித்தல் முயற்சியில் அவர் ஓவியத்தை விலக்கிவைக்கவில்லை. ஓவியத்துக்குப் பொருள் எது, அது தொங்கவேண்டிய இடம் எது, அதைப் பார்ப்பவர் யார் என்ற கேள்விகளை மாணவர்களின் கையில் கொடுத்துவிட்டு, வகுப்பறைக்கு வெளியே போய் விடை தேடச் சொன்னார். கலையைச் சரக்கு என்ற நிலையிலிருந்து கொடை என்ற நிலைக்குக் கொண்டுவருவது அவருடைய நெடுநாள் வாதம். அவரைச் சூழ்ந்து உருவான 'பிளாக்ஸ்டார்லைன்ஸ்' என்ற குழுமமும் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே வேரூன்றியது. மஹாமா அந்த வகுப்பறையின் பிள்ளை.

அவர் சாக்கைத் தேர்ந்தெடுத்ததை இந்தப் பின்னணியில் பாருங்கள். கானாவில் கொக்கோ என்பது மூட்டைக் கணக்கில் ஓடும் பொருளாதாரம். அரசு அறிவிக்கும் கொள்முதல் விலையே 64 கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்றுதான் சொல்லப்படுகிறது. அந்த மூட்டைக்கான சணல் சாக்கு கானாவில் நெய்யப்படுவதில்லை. உலகச் சணலில் மிகப் பெரும்பகுதி விளையும் இந்தியா, வங்கதேசம் உள்ளிட்ட ஆசியப் பகுதியிலிருந்து அது இறக்குமதியாகிறது. முதலில் கொக்கோவைச் சுமக்கும் சாக்கு, பிறகு அரிசி, மக்காச்சோளம், சிறுதானியம் என்று கைமாறி, நைந்து, கடைசியில் கரி மூட்டையாகிறது. கைமாறும்போதெல்லாம் அதன்மேல் ஏதாவது ஒட்டிக்கொள்கிறது. அரசு முத்திரை, 'கானாவின் விளைபொருள்' என்ற அச்செழுத்து, வணிகர் தம் மூட்டையை அடையாளம் காணக் கையால் எழுதிய பெயர், எண்ணெய்க்கறை, கரித்தூள், கிழிசலை மூடிய வேற்றுத்துணி ஒட்டு எல்லாமே அதில் சேர்கின்றன. மஹாமா சந்தைக்குப் போய்ப் புதுச் சாக்கைக் கொடுத்து இந்தப் பழைய சாக்கை வாங்குகிறார். கரி வணிகருக்கு நட்டமில்லாத பண்டமாற்று அது.

இனி ஓவியம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அந்தப் பரப்பில்தான். ஓவியன் கித்தானில் ஏற்றும் நிறமும் கோடும் எழுத்தும் இங்கே முன்னரே ஏறியிருக்கின்றன. ஏற்றியவர்கள் கணக்கற்ற பேர். எந்தச் சாக்குக்குப் பக்கத்தில் எது வரவேண்டும், கரிபடிந்த கருமை எங்கே திரளவேண்டும், வெளிறிய பழுப்பு எங்கே விரியவேண்டும், இடையில் சிவப்போ நீலமோ ஆன ஓர் ஒட்டுத் துண்டு எங்கே கண்ணைப் பறிக்கவேண்டும் என்பன தையலின்போது எடுக்கப்படும் முடிவுகள். கோணி ஊசியால் போட்ட தையல் அந்தப் பரப்பில் கோடாக ஓடுகிறது. அருகே நின்று பார்த்தால் தனித்தனி மூட்டைகளின் வரலாறு. தள்ளி நின்றால் மலைச்சரிவு போன்ற ஒற்றை நிறத்திரள். உருவங்களைக் காட்டாத பெரிய பண்பியல் ஓவியங்களைப் பார்க்கும்போது நாம் முன்னும் பின்னும் நடப்பதில்லையா, அதே நடையை இதுவும் நம்மிடம் கேட்கிறது. ஓவியப் பயிற்சி இல்லாத ஒருவர் இதைச் செய்திருந்தால் சாக்குகளின் குவியலாக மட்டுமே நின்றிருக்கும் என்பது என் கருத்து.

நெறியாளரின் கேள்விக்கு ஒரு சான்று: 2012-ல் அவர் இவற்றை முதலில் தொங்கவிட்ட இடங்களுள் ஒன்று அக்ராவின் மல்லம் அட்டா சந்தை. எந்தப் பொருள் எங்கிருந்து வந்ததோ அங்கேயே அதைத் திருப்பிக் காட்டினார். கலைக்கூடத்துக்குப் போயறியாத சந்தைக்காரர்களே முதல் பார்வையாளர்கள். கட்டடம் வியப்பாகத் தெரிவதுதான் நோக்கமென்றால் கரி மூட்டைகள் அடுக்கியிருக்கும் ஒரு சந்தையை யாரும் தேர்ந்தெடுக்கமாட்டார்கள்.

அடுத்த நான்காண்டுகளில் நடந்தது பெரும் பாய்ச்சல். 2014-ல் லண்டன் 'சாட்சி' (Saatchi) கலைக்கூடத்தின் குழுக் கண்காட்சியில் அறை முழுவதும் சாக்குகள். 2015-ல் ஒக்வூய் என்வேசர் பொறுப்பேற்று நடத்திய வெனிஸ் பினாலேயில், ஆர்சனாலே வளாகத்தின் வெளிப்புற வழியின் இரு சுவர்களையும் சுமார் 300 மீட்டர் நீளத்துக்கு மூடினார். பார்வையாளர்கள் ஒரு பள்ளத்தாக்கில் நடப்பதைப்போல அதற்குள் நடக்கவேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது சுமார் இருபத்தெட்டுதான் என்று நினைக்கும்போது இன்றும் மலைப்பாக இருக்கிறது. 2016-ல் அக்ராவின் தேசிய அரங்கமும் போர்வைக்குள் வந்தது. சீனாவின் உதவியோடு கட்டப்பட்டு 1992-ல் திறக்கப்பட்ட கட்டடம் அது என்பதைக் கட்டுரையில் குறிப்பிடத் தவறாதீர்கள். ஆசியச் சணல், ஆப்பிரிக்க விளைச்சல், சீனக் கட்டடம் மூன்றும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன.

செம்மண்பாதை எழுதியது:

மேலே எழுதிய நண்பரின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் முழுமையாக ஏற்க இயலவில்லை. சாக்கை ஓவியப் பரப்பாகக் காண்பது புதிய செயல் என்ற தோற்றம் அதில் எழுகிறது. இத்தாலியின் ஆல்பெர்த்தோ பூரி இதை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார். இராணுவ மருத்துவரான அவர் 1943-ல் துனிசியாவில் சிறைப்பட்டு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹியர்ஃபர்ட் என்ற ஊரிலிருந்த கைதிகள் முகாமில் ஓவியம் தொடங்கியவர். விடுதலைக்குப் பிறகு, 1950-களில், கிழிந்த சாக்குகளைத் தைத்தும் ஒட்டியும் அவர் உருவாக்கிய வரிசை இன்று ஐரோப்பிய ஓவிய வரலாற்றின் பாடமாகிவிட்டது. கட்டடத்தைத் துணியால் மூடுவது என்றால் கிறிஸ்டோவும் ழான்-க்ளோதும் 1995-ல் பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தை மூடியது நினைவுக்கு வரும். இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டு மஹாமாவை மட்டும் தனித்து உயர்த்தினால் தங்கள் நெறியாளர் முதல் பத்தியிலேயே கேள்வி கேட்பார்.

எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் வேறொன்று. தைக்கும் கைகள் யாருடையவை? அவருடைய பணிகளில் சேர்ந்தவர்களில் பலர் வடபகுதியிலிருந்து பிழைப்புக்காகத் தெற்கு நகரங்களுக்கு வந்த இளம்பெண்கள். அக்ராவின் சந்தைகளில் தலைச்சுமை தூக்கும் 'காயாயே' பெண்கள் அவர்களுள் உண்டு. அவர்களுடைய முன்கைகளில் பச்சை குத்தப்பட்ட பெயர்களை மஹாமா நிழற்படத் தொடராகவே காட்சிக்கு வைத்திருக்கிறார். அயலூரில் விபத்தோ மரணமோ நேர்ந்தால் யாரென்று தெரியவேண்டும் என்பதற்காகக் குத்திக்கொண்ட பெயர்கள் அவை. அந்தப் படங்களின் முன் நின்றால் மனம் கனக்கத்தான் செய்கிறது. ஆனாலும், வெனிஸிலும் லண்டனிலும் அதைப் பார்ப்பவர், ஏழைகளின் களைப்பை அழகாக மாற்றிய ஒரு காட்சியைப் பார்த்து நெகிழ்ந்து வீடு திரும்புகிறார் என்ற ஐயம் என்னை விடுவதில்லை. நலிவின் அழகியல் சந்தையில் நன்றாக விலைபோகும் சரக்கு.

சந்தையின் பேச்சு வந்ததால் 2015-ல் எழுந்த வழக்கையும் சொல்லவேண்டும். ஓர் அமெரிக்க வணிகரும் அவருடைய கூட்டாளியும் மஹாமாவிடமிருந்து சாக்குகளைப் பெருந்தொகுதியாக வாங்கி, அவற்றை வெட்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, 294 தனித்தனிப் படைப்புகளாக ஆக்கினர். அவற்றில் கலைஞரின் கையொப்பமும் இருந்தது. பிறகு அவை தம்முடைய படைப்புகளே அல்ல என்று மஹாமா மறுத்தபோது, நட்டஈடாக 44 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் கேட்டு அவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2016-ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. கலையைக் கொடையாக மாற்றுவோம் என்ற குமாசி வகுப்பறையின் இலட்சியம், முதல் பெரிய சந்தைக் கதவைத் தட்டியவுடனேயே எதிர்கொண்ட நிலை இது.

தண்டவாளம் எழுதியது:

செம்மண்பாதை சொன்ன வழக்கை நான் மறுதிசையில் வாசிக்கிறேன். சட்டத்தில் கட்டப்பட்ட சிறு துண்டுகளாகச் சுவரில் தொங்கியிருந்தால் அவை நீங்கள் குறிப்பிட்ட பூரியின் ஓவியங்களைப் போலவே தோன்றியிருக்கும். மஹாமா மறுத்தது சரியாக அந்த வடிவத்தைத்தான். பூரியின் சாக்கு சட்டத்துக்குள் வந்து தன் முன்கதையை இழந்து நிறமாகவும் புண்ணாகவும் மாறுகிறது. மஹாமாவின் சாக்கு ஒரு காட்சி முடிந்ததும் கழற்றப்பட்டு, வேறு ஊருக்குப் போய், வேறு சாக்குகளுடன் சேர்த்துத் தைக்கப்பட்டு, மீண்டும் ஏறுகிறது. கிறிஸ்டோவின் துணியோ அந்த ஒரு நிகழ்வுக்காகவே புதிதாக நெய்யப்பட்டது; அதற்கு முன்வாழ்க்கை கிடையாது. 2019-ல் மிலான் நகரின் போர்த்தா வெனீசியாவில் மஹாமா மூடியவை இரண்டு பழைய சுங்கச்சாவடிகள். நகருக்குள் நுழையும் சரக்குக்கு வரி வசூலித்த கட்டடங்களின்மேல் சரக்குச் சாக்கைப் போர்த்துவது அங்கே மட்டுமே பொருள்படும். எந்தக் கட்டடத்தை மூடினாலும் ஒன்றுதான் என்ற நெறியாளரின் மறுப்புக்கு மிலான் நல்ல விடை.

நான் எழுத வந்தது ரயில் பற்றி. கேள்வி கேட்ட நண்பர் சாக்குக்கும் ரயில் இருக்கைக்கும் என்ன தொடர்பு என்கிறார். இரண்டும் ஒரே பாதையில் பயணம் செய்தவை. ஆங்கிலேயர் கோல்டு கோஸ்ட் என்றழைத்த அந்நாட்டில் முதல் பெரும் இருப்புப்பாதை 1898-ல் கடற்கரை நகரமான செகண்டியில் தொடங்கப்பட்டது. 1901-ல் தார்க்வாவையும், 1902-ல் ஓபுவாசியையும், 1903-ல் குமாசியையும் எட்டியது. தார்க்வாவும் ஓபுவாசியும் தங்கச் சுரங்க ஊர்கள் என்பதைச் சொன்னால் பாதை எதற்காகப் போடப்பட்டது என்பது விளங்கிவிடும். பிறகு மரமும் கொக்கோவும் அதே பாதையில் துறைமுகத்துக்கு இறங்கின. குமாசிக்கு வடக்கே, மஹாமாவின் தமாலே வரையில், அந்தப் பாதை ஒருநாளும் நீளவில்லை. வடக்கிலிருந்து தெற்கே போனவை மனித உடல்கள். சுரங்கத்துக்கும் கொக்கோத் தோட்டத்துக்கும் கூலிகளாகப் போனார்கள். இன்றைய காயாயே பெண்களின் பயணத்தை அந்தப் பழைய தடத்தின் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன்.

2017-ல் டாக்குமெண்டா 14 என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சிக்காக அவர் செய்த பணியின் பெயரிலேயே செகண்டியின் ரயில் பணிமனையும் '1901–2030' என்ற ஆண்டுகளும் வருகின்றன. ஏதென்ஸின் சிந்தாக்மா சதுக்கத்தில் மக்கள் முன்னிலையில் சாக்குகள் தைக்கப்பட்டன. ஜெர்மனியின் காசெல் நகரில் 'தோர்வாகே' என்ற இரட்டை நுழைவாயில் கட்டடங்கள் மூடப்பட்டன. கடன் கொடுத்த நாடும் கடன்பட்ட நாடும் ஒரே கண்காட்சிக்கு இடம் கொடுத்த ஆண்டு அது. யூரோ நெருக்கடியின் புண் அப்போது ஆறியிருக்கவில்லை. தலைப்பில் எதிர்கால ஆண்டைப் போடுவது அவருடைய வழக்கம். முடிந்துபோன வரலாற்றின் கணக்கை இன்னும் மூடவில்லை என்று சொல்வதாக எனக்குப் படுகிறது.

தாங்கள் கொச்சியில் கண்ட 'ஆவிகளின் நாடாளுமன்றம்' முதலில் 2019-ல் மான்செஸ்டரின் விட்வொர்த் கலைக்கூடத்தில் அமைக்கப்பட்டது. கானாவின் ரயில்களிலிருந்து கழித்துப் போடப்பட்ட இரண்டாம் வகுப்பு இருக்கைகள் எதிரெதிர் வரிசைகளாக, ஒரு பேரவை மண்டபம்போல் அடுக்கப்பட்டன. பழைய அலமாரிகளும் ரயில்வே ஆவணங்களும் சுற்றி நின்றன. மான்செஸ்டரைத் தேர்ந்ததற்கு ஒரு வலுவான காரணத்தை வரலாறே தருகிறது. 1945 அக்டோபரில் ஐந்தாவது அகில ஆப்பிரிக்க மாநாடு கூடியது அந்நகரில்தான். அதன் செயலாளர்களுள் ஒருவர் குவாமே என்க்ருமா. 1957 மார்ச் 6 அன்று கானா விடுதலை பெற்றபோது நாட்டை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. ரயில்வே தொழிலாளர்கள் 1950-ன் விடுதலைப் போராட்டத்தில் அவருக்குத் தோள்கொடுத்தவர்கள். அதே செகண்டி-தக்கோராடித் தொழிலாளர்கள் 1961 செப்டம்பரில் அவருடைய வரவுசெலவுத் திட்டத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆகவே அந்த வெற்று இருக்கைகளில் அமர்ந்திருக்கும் ஆவிகள் எல்லோரும் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் என்று எண்ணிவிடக்கூடாது. இதைத் தவறவிட்டு, 'காலனியத்தை விமர்சிக்கும் படைப்பு' என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துபோகும் கட்டுரைகளைப் படிக்கும்போது எரிச்சல்தான் வருகிறது. மஹாமாவின் பார்வை விடுதலைக்குப் பிந்தைய கனவின்மீதும் அதன் முறிவின்மீதுமே அதிகம் தங்குகிறது.

ரயில் அவரை இன்னும் விடவில்லை. 2024-ல் எடின்பரோவின் ஃப்ரூட் மார்க்கெட் கலைக்கூடத்தில் நடந்த காட்சியில் இருப்புப்பாதைப் பணியாளர்களைக் கரியாலும் மையாலும் வரைந்த பெரிய சித்திரங்கள் இருந்தன. அந்தக் கலைக்கூடம் வேவர்லி ரயில் நிலையத்தை ஒட்டியே நிற்கிறது. 'ஓவியப் பயிற்சி என்னவாயிற்று' என்று கேட்டீர்கள் அல்லவா, அந்தச் சித்திரங்களை முதலில் பாருங்கள். கை பழக்கத்தை விடவில்லை. 2025-ல் வியன்னாவின் குன்ஸ்ட்ஹாலேயில் ஒரு டீசல் எஞ்சினின் உடலை ஆயிரக்கணக்கான எனாமல் பேசின்களின்மேல் ஏற்றி நிறுத்தினார். சந்தைகளில் தலைச்சுமைக்குப் பயன்பட்டுத் தேய்ந்த பேசின்கள் அவை. புதியவற்றைக் கொடுத்துப் பழையவற்றைப் பெறும் பழைய முறையிலேயே சேர்க்கப்பட்டவை. ரயில் சுமந்த சரக்கை முதலில் தலையில் சுமந்தது யார் என்பதற்கு அதைவிட நேரடியான கூற்று அவருடைய படைப்புகளில் இல்லை. சற்று அதிகமாகவே நேரடியாக இருக்கிறது என்பது என் சிறு குறை.

மாடக்குழி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மிலான் சுங்கச்சாவடியும் ரயில் பாதையின் ஆண்டுகளும் என் கட்டுரையின் போக்கையே மாற்றுகின்றன. செம்மண்பாதை எழுப்பிய கேள்வி மட்டும் நிற்கிறது. அவருடைய படைப்புகளை விற்பது 'ஒயிட் கியூப்' போன்ற பெரிய வணிகக் கலைக்கூடம். அந்தப் பணம் எங்கே போகிறது என்பதைக் கலை விமர்சனத்துக்குள் பேசலாமா, அல்லது அது வாழ்க்கை வரலாற்றுக்குள் அடங்கும் செய்தியா?

வெளிச்சுவர் எழுதியது:

மஹாமாவைப் பொறுத்தவரை அது விமர்சனத்துக்குள்தான் வரவேண்டும். ஏனென்றால் பணம் போன இடமும் அவருடைய படைப்பாகவே நிற்கிறது. 2019 மார்ச் மாதத்தில் அவர் தமாலேயில் 'சவன்னா தற்காலக் கலை மைய'த்தைத் திறந்தார். 2020-ல் ஊருக்கு வெளியே 'ரெட் கிளே' என்ற செங்கல் வளாகம். அங்கே பறக்கும் காலம் முடிந்த பழைய விமானங்கள் வகுப்பறைகளாகியிருக்கின்றன. தண்டவாளம் குறிப்பிட்ட செய்தியோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்: ரயில் பாதையே எட்டாத ஊருக்கு அவர் பழைய ரயில் பெட்டிகளைத் தெற்கிலிருந்து சாலை வழியாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். வெளிநாட்டில் விற்ற படைப்புகளின் வருவாயைத்தான் இவற்றில் போடுகிறேன் என்று அவர் வெளிப்படையாகவே சொல்லிவருகிறார். பள்ளிப் பிள்ளைகள் வந்து போகிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை.

மூன்றாவது இடம் 'என்க்ருமா வோலி-னி'. என்க்ருமா ஆட்சியில், 1960-களில், உணவு தானியத்தைச் சேமிக்கக் கட்டத் தொடங்கிய கான்கிரீட் குதிர் அது. 1966 பிப்ரவரி 24 அன்று இராணுவப் புரட்சியில் அவர் வீழ்ந்தபின் பயன்பாட்டுக்கு வராமலே பல பத்தாண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்தது. மஹாமா அதை விலைக்கு வாங்கி, தேங்கிய நீரை இறைத்து, 2021-ல் கலைவெளியாகத் திறந்தார். உள்ளே குடியேறியிருந்த வெளவால்களை விரட்டவில்லை. கிழிந்த சாக்கின் கறையைத் துவைக்காமல் தொங்கவிட்ட அதே மனப்போக்கு இங்கே கட்டடத்தின்மேல் செயல்படுகிறது. தங்களுடைய இரண்டாவது கேள்விக்கு, அதாவது சாக்கையும் தானியக் குதிர் கட்டடத்தையும் எது இணைக்கிறது என்பதற்கு, நான் இந்த இழையையே பிடித்துப் போவேன். ஒரு பெரிய திட்டம் தோற்றபின் எஞ்சுகிற பொருளை எடுத்து, அதன்மேல் படிந்ததை அழிக்காமல், வேறொரு பயனுக்குத் திறந்துவிடுகிறார்.

இதனால் செம்மண்பாதையின் உறுத்தல் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சாக்கு தைத்த காயாயே பெண்ணின் வாழ்வு அந்த மையத்தால் மாறியதா என்பது வேறு கேள்வி. ஒரு கலைஞர் கட்டிய பள்ளி, அரசு செய்யத் தவறியதற்கு ஈடாகாது. மேலும், ஒரு தனிமனிதரின் விற்பனையை நம்பி நிற்கும் நிறுவனங்களுக்கு அவருடைய சந்தை மதிப்பு சரிந்தால் என்னவாகும் என்பதும் கேட்கவேண்டியதே. எனினும் நெகிழ்ச்சியை விற்கும் கலைஞர் என்று அவரை ஒதுக்குவதற்கு முன், 2024-ல் லண்டன் பார்பிகன் மையத்தின் ஏரிக்கரை முகப்பை அவர் மூடிய விதத்தைப் பாருங்கள். அங்கே அவர் பழைய சாக்கைத் தொடவில்லை. ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சுமார் 2,000 சதுர மீட்டர் துணியைத் தமாலேயின் நெசவாளர்களும் தையல்காரர்களும் கையால் நெய்து தைத்தனர். அளவு அத்துணை பெரிதாக இருந்ததால் உள்ளூர் விளையாட்டரங்கத்தில் விரித்துத்தான் வேலை செய்ய முடிந்தது. அதன்மேல் வடபகுதி மக்கள் தலைமுறையாகக் காத்துவைத்த 'பத்தகரி' மேலங்கிகள் ஏறத்தாழ நூறு பதிக்கப்பட்டன. அங்கே சுமையும் கறையும் இல்லை. நெசவுத் திறனும் நிறமும்தான் இருந்தன. பார்பிகனின் சாம்பல் நிறக் கான்கிரீட்டின்மேல் அந்த ஊதா விழுந்ததைக் கண்ட எவரும் இவர் ஓவியர் இல்லை என்று வாதிடுவது கடினம்.

கட்டுரை அமைப்புக்கு ஒரு யோசனை. அக்ரா சந்தையில் 2012-ல் தொங்கிய சாக்கையும், சட்டத்தில் கட்டப்பட்டு 2015-ல் வழக்குக்குள்ளான 294 துண்டுகளையும் எதிரெதிரே வைத்துத் தொடங்குங்கள். பூரியையும் கிறிஸ்டோவையும் அங்கேயே கொண்டுவந்துவிடலாம். ஓவியப் பயிற்சி சாக்குகளுக்குள்ளும் வேலை செய்கிறதா என்ற தங்கள் கேள்விக்கு அந்த இடைவெளியில் நிறைய இடம் இருக்கிறது. இறுதிப் பகுதியை எழுதுமுன், தமாலே மையம் திறக்கப்பட்டபோது மஹாமா முதலில் யாருடைய படைப்புகளை வைத்தார் என்பதைக் கவனியுங்கள். தம்முடைய படைப்புகளை அவர் வைக்கவில்லை. 1940-ல் பிறந்து, குமாசி மரபில் பயின்று, பல பத்தாண்டுகளாகப் பெரிய வெளிச்சம் படாமல் வரைந்துகொண்டிருந்த காலே வின்ஸ்டன் கோஃபி டாசன் என்ற ஓவியரின் வாழ்நாள் பணியைத் திரட்டிக் காட்டினார். அந்தக் காட்சியைப் பற்றித் தமிழில் எவரும் எழுதியதாக என் கண்ணில் படவில்லை. தாங்கள் எழுதினால் இங்கேயும் பகிருங்கள்.